முழுக்கோட்டுப் பக்கம்

கௌசிகா வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிவிட்டது. லீவு என்றுதான் லயத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம் இருக்கிற இடம் அது. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் கொத்தமல்லி கொதிக்க வைத்துவிடுவார்கள். பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை, நடு மாதத்தில் பெட்டியோடு வந்து இறங்கிய பிள்ளையை லீவு என்று சொன்னால் யார் நம்புவது? பீலிக்கரைக்கு அவள் அம்மா சந்திரகாந்தி தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்து எதையாவது கேட்டுத் தொலைத்தாலாவது பதிலுக்குக் கத்தலாம்.

மடுல்சீமைக்கு மேலே, பஸ் வந்தால் வந்ததுதான் என்று இருக்கிற தோட்டம். அங்கே தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிற வடிவேலின் மகள் விமானம் ஓட்டப் படிக்கிறாள் என்பதைத் தோட்டம் நம்பவே ஒரு வருடம் பிடித்தது. வெளிநாட்டில் குடியேறிய மலையகத்தார் நடத்தும் ஓர் அறக்கட்டளை, பரீட்சை வைத்து, நேர்முகம் வைத்து, இரண்டு பிள்ளைகளை எடுத்தது. அதில் ஒருத்தி இவள். அவள் கிளம்பிப் போன நாளில் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்து, மாலை போட்டு, கொழுந்து லொறியிலேயே பசறை வரை கொண்டுபோய் விட்டார்கள். இங்கிருந்து கொழும்புக் கடைகளுக்குப் போனவர்கள் உண்டு, கட்டாருக்குப் போனவர்கள் உண்டு. வானத்துக்கு ஏறப் போனவள் இவள் ஒருத்திதான். அவளும் வானத்தில் அல்ல, தரையில் வைத்துத் தவறிவிட்டு வந்திருந்தாள்.

அதுதான் வடிவேலுக்குப் புரியவே இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு அந்தத் தவறு பற்றி விசாரணை. மூன்று பேர் போனில் கேட்பார்கள். சந்திரகாந்தி, கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டாள். வெளியே மலையையே காணோம். மூடுபனி வாசல் இஸ்தோப்பு வரை வந்து நின்றது. அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஈர விறகு புகைந்தது. வடிவேல் கட்டசம்பலைத் தொட்டுக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"மறுபடி ஒருக்காச் சொல்லு" என்றார்.

கௌசிகா ரொட்டிப் பலகையைத் தன் பக்கம் இழுத்து, மாவில் விரலால் ஒரு நீளக் கோடு போட்டாள்.

"இந்தாருக்கு ஓடுபாதை. பிளேன் எறங்குறதும் ஏர்றதும் இதுலதான். நிறுத்தி வச்சிருக்கிற எடத்துல இருந்து இந்தக் குறுக்கு ரோட்டுல ஓட்டிக்கிட்டு வரணும். தரையிலதான், மெதுவா, நம்ம லொறி மாதிரி. ஓடுபாதைக்கு முன்னால நாலு மஞ்சக் கோடு இருக்கும். நம்ம பக்கம் ரெண்டு முழுக்கோடு. அங்கிட்டு ரெண்டு விட்டு விட்டுப் போட்டது. முழுக்கோட்டுப் பக்கம் நிக்கிறவங்க ரேடியோவுல டவரக் கேக்காம தாண்டவே கூடாது. அவங்க போன்னு சொல்லணும். நாங்க அதையே திருப்பிச் சொல்லணும். அப்பறந்தான் பிரேக்க விடணும்."

"நீ கேட்டியா இல்லியா?"

"கேட்டேன். மூணு தரம் கேட்டேன்."

"டவர்ல இருந்தவரு?"

"பதிலே வரலப்பா. போன்ல பேசிக்கிட்டு இருந்தாராம்."

"அப்ப தப்பு அவரு மேலதானே!" சந்திரகாந்தி அடுப்படியில் இருந்து திரும்பினாள். "கூப்புட்ட புள்ளைக்குப் பதில் சொல்லாம போன்ல என்னா பேச்சு?"

"பதில் வரலைன்னா நிக்கணும்மா. நான் தாண்டிட்டேன். எறங்க வந்த பிளேன் என் தலைக்கு மேலால திரும்ப ஏறிப் போச்சு. அதோட சக்கரம் சுத்துறது தெரிஞ்சிச்சு. அதுல மூணு பேரு. இன்னுங் கொஞ்சம் பிந்தியிருந்தா என்னோட நாலு பேரு போயிருப்போம்."

சந்திரகாந்தி கையிலிருந்த மாவு உருண்டையை அப்படியே வைத்துவிட்டாள். ஐந்து நாளாகக் கேட்டதுதான். இருந்தாலும் அந்த இடம் அவளுக்குப் பழகவில்லை.

"சரி, நடந்தது நடந்து போச்சு" என்றார் வடிவேல். "இன்னைக்கு என்னா சொல்லப் போற? அந்தப் பேச்சுப் பதியிற மெசின்?"

"இடி விழுந்து எரிஞ்சு போச்சு. அந்த வாரம் பூராவும் பதிவு இல்ல."

"எறங்க வந்தவங்க?"

"ஒரே இரைச்சல், ஒண்ணும் சரியாக் கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"கடவுளே பாத்து எரிச்சிருக்கான்" என்றாள் சந்திரகாந்தி. "டவர்ல போகச் சொன்னாங்க, போனேன்னு சொல்லிரு. ஒரு வார்த்த. யாரு இல்லன்னு சொல்லுவா?"

"டவர்ல இருந்த இன்ஸாப் சேர் சொல்லுவாரு. அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்யி. போன்ல பேசினத அவரே ஒத்துக்கிட்டாரு. அதனால அவரத்தான் நம்ப மாட்டாங்க. அவருக்கு வேல போயிரும்."

"போனாப் போவட்டும்! அவரு ஆம்பள, வேற வேல தேடிக்குவாரு. ஒனக்கு? நாளைக்கு ஒன்னயும் என்னோட கொழுந்துக் கூடையோட மலைக்கு அனுப்பச் சொல்றியா?"

கௌசிகா பலகையில் இருந்த கோடுகளை உள்ளங்கையால் அழித்தாள். இன்ஸாப் ஹல்துமுல்லைக்காரர். முதல் நாள் இவள் மடுல்சீமை என்றதும், "நம்ம மலைக்காரப் புள்ளயா?" என்று கேட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த கித்துள் கருப்பட்டியில் பாதியை உடைத்துக் கொடுத்தவர். அதை இப்போது அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை. சந்திரகாந்தி கெட்டவள் அல்ல, பயந்து போயிருந்தாள்.

"ஒம்பதரை ஆச்சு" என்று வடிவேல் எழுந்தார். "வா. போற வழியில யோசிச்சுக்க."

லயத்தில் போன் எடுக்காது. மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் வரும். கட்டாரில் இருக்கிற புருஷனோடு சண்டை போடுகிறவர்களும் அந்தக் கல்லில்தான் நிற்க வேண்டும். காலைக் கொழுந்தை ஏற்ற வடிவேல் எப்படியும் அங்கே போயாக வேண்டும். மகளை முன் ஸீட்டில் ஏற்றிக்கொண்டு லொறியை எடுத்தார்.

கௌசிகாவுக்கு அந்த ஸீட் நாலு வயதிலிருந்து பழக்கம். பதினாறு வயதில் தோட்டத்து ரோட்டில் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த லொறியில்தான். அந்த ரோடு ஒரு வண்டி போகத்தான் காணும். ஒரு பக்கம் கல் மதில், மறு பக்கம் பள்ளம். ஒவ்வொரு முடக்கு வளைவிலும் மூன்று ஹோர்ன் அடிக்க வேண்டும். எதிரே யாராவது வந்தால் ஒரு ஹோர்ன் பதிலுக்கு அடித்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். பத்து எண்ணும் வரை பதில் வராவிட்டால் ரோடு காலி, போகலாம். எல்லா டிரைவர்மாருக்கும் தெரிந்த சட்டம் இது. எண்ணுகிற வேலையை வடிவேல் மகளிடம் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் போகும்போது அவள் சத்தமாகப் பத்து எண்ணி, "காலி! போப்பா!" என்பாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் கியர் போடுவார்.

பாதி வழியில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஒரு விசயம் எனக்கு வெளங்கல. நீ புத்தி கெட்ட புள்ள இல்ல. நிக்கணும்னு தெரியும். பதிலும் வரல. பெறகு எதுக்குத்தான் போன?"

கௌசிகா ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, வெள்ளை மட்டும்தான்.

"பத்து எண்ணிட்டுப் போனேன்ப்பா."

வடிவேலின் கால் தன்னால் பிரேக்குக்குப் போனது. லொறி முக்கிக்கொண்டு நின்றது.

"என்னா?"

"கோட்டுக்கு முன்னால சரியாத்தான் நின்னேன். மூணு தரம் கூப்புட்டேன். பதில் வரல. பத்து எண்ணினேன். காலின்னு வாய் தன்னால சொல்லிருச்சு. அடுத்துச் செய்ய வேண்டியதெல்லாம் ஒரு அட்டையில எழுதியிருக்கும். அதக் குனிஞ்சு பாத்துக்கிட்டே பிரேக்க விட்டுட்டேன். நிமுந்து அந்தப் பக்கம் பாத்திருந்தாலும் எறங்க வந்த பிளேனோட வெளக்கு தெரிஞ்சிருக்கும். பாக்கல. முதமுதலாத் தனியா ஓட்ட ஆரம்பிச்சு ஒம்பதாவது நாளு."

"இத யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல. ஒங்ககிட்டத்தான்."

அவருக்கு அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன. "அப்ப ஒன்னக் கெடுத்தவன் நான்தானா?"

"நான் அப்படிச் சொல்லலியே. நீங்க சொல்லிக் குடுத்தது இந்த ரோட்டுக்கு. அத அங்க தூக்கிட்டுப் போனது நான்."

"இந்த ரோட்டுக்கு அது சரிதான்!" அவர் குரல் உயர்ந்தது. "இருவத்திரெண்டு வருசம் ஓட்டுறேன். ஒரு கோழிய அடிச்சிருக்கேனா? கேட்டுப் பாரு. எவனையாவது கேட்டுப் பாரு."

"நான் ஒங்களக் கொற சொல்லலப்பா."

"சொல்லிட்ட. அதான் சொல்லிட்டியே."

அடுத்தது கல்லுடைச்ச முடக்கு. அந்த ரோட்டிலேயே மோசமானது அதுதான். வடிவேல் மூன்று ஹோர்ன் அடித்தார். மலையில் பட்டுச் சத்தம் திரும்பி வந்தது, பதில் வரவில்லை.

"எண்ணு" என்றார்.

"மாட்டேன்."

"எண்ணுன்றேன்!"

அவரே எண்ணினார், வேண்டுமென்றே சத்தமாக. எட்டு, ஒன்பது, பத்து. "காலி" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.

முடக்கில் திரும்பியதும் நடு ரோட்டில் பாணும் பனிஸும் விற்கிற ஆட்டோ நின்றது. அதற்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் நின்றான். கௌசிகா கத்தினாள். வடிவேல் பிரேக்கை மிதித்த மிதியில் பின்னால் கிடந்த வெறுஞ்சாக்குகள் முன்னுக்கு வந்து விழுந்தன. ஈர ரோட்டில் சக்கரம் இழுத்துக்கொண்டே போய் நின்றது. அந்த ஆளின் முழங்காலுக்கும் லொறிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

பசறையிலிருந்து பாண் கொண்டுவருகிற நப்ரீஸ். மேல் டிவிசனில் விற்றுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவன். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆட்டோ பெற்றி செத்துப் போச்சு அண்ணே" என்றான். "பாணுக்குப் போடுற பாட்டும் இல்ல, ஹோர்னும் இல்ல. நீங்க அடிச்சது நல்லாக் கேட்டிச்சு. கத்தினேன், கத்தினேன். லொறிச் சத்தத்துல ஒங்களுக்கு எங்க கேக்க?"

வடிவேல் இறங்கினார். நப்ரீஸின் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூன்று பேருமாக ஆட்டோவை மதில் ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். நப்ரீஸ் மிச்சம் இருந்த மீன் பனிஸில் இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கௌசிகாவின் கையில் திணித்தான். உயிர் தப்பியவன் ஏன் பனிஸ் கொடுக்க வேண்டும் என்று கேட்டால் அவனுக்கே தெரிந்திருக்காது.

அதற்கு மேல் மடுவம் வரைக்கும் வடிவேல் எல்லா முடக்கிலும் ஹோர்ன் அடித்தார், நின்றார், மெதுவாக ஊர்ந்தார்.

மடுவத்தில் நிறுவை நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய பெண்கள் வரிசையில் நின்றார்கள். கௌசிகா கல்லின் மேல் ஏறியதும் போன் அடித்தது. அது விசாரணைக்காரர்கள் அல்ல. அவளோடு படிக்கிற நிருபன். பதுளையில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் மகன். அன்று அவளுக்குப் பின்னால் அடுத்த விமானத்தில் நின்றவன்.

"கௌசி, நீ ஒண்டுக்கும் பயப்பிடாத. அவர் போகச் சொன்னவர் எண்டு சொல்லு. எனக்கும் கேட்டது எண்டு நான் சொல்லுறன். ரெண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னா அவையள் என்ன செய்யிறது?"

"ஒனக்குக் கேட்டிச்சா நிருபன்?"

"இல்லத்தான்" என்றான். "ஆனா உனக்காகத்தானே சொல்லுறன்."

"தெரியும். நீ நல்லவன். ஆனா எனக்கும் கேக்கல. வச்சிரு, அவங்க எடுப்பாங்க."

பத்து மணிக்குச் சரியாக எடுத்தார்கள். காதில் வைத்தால் சிக்னல் அறுந்தது. தலைக்கு மேலே பிடித்தால்தான் குரல் வந்தது. வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரில் போட்டாள். மடுவத்தில் தராசுக் கொக்கி ஆடுகிற சத்தம்கூட நின்றது. வரிசையில் நின்றவர்களுக்கு அந்த இங்கிலீஷ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் ஒருத்தரும் அசையவில்லை. பயிற்சிப் பள்ளி, டவர், திகதி எல்லாம் வாசித்தார்கள். அவள் பெயரைக் கேட்டார்கள். பிறகு நடுவில் இருந்தவர் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்: அந்தக் கோட்டைத் தாண்ட டவர் உங்களுக்கு அனுமதி தந்ததா?

வடிவேல் லொறியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'சொல்லிரு மகளே' என்று ஒரு மனம் அடித்துக்கொண்டது. இன்னொரு மனதில் நப்ரீஸின் இரண்டு கையும் தூக்கியபடியே நின்றன. எதைச் சொல்லச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கௌசிகா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நோ, சேர்" என்றாள்.

அந்த ஒரு சொல் மடுவத்தில் எல்லாருக்கும் புரிந்தது.

பிறகு அவள் நீளமாகப் பேசினாள். பதில் வராததை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன், அட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓட்டினேன், வானத்தைப் பார்க்கவில்லை, கூப்பிட்டேன் என்பது உண்மை, ஆனால் தாண்டியது என் பிழை என்றாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். அரை மணியில் திரும்ப எடுப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார்கள்.

அந்த அரை மணியைக் கழிக்க வழி தெரியாமல் வடிவேல் கொழுந்துச் சாக்குகளைத் தானே தூக்கி ஏற்றினார். வரிசையில் இருந்த ஒருத்தி போத்தலில் இருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"அப்ப லீவு இல்லியா புள்ள?"

"இல்லக்கா. தப்புப் பண்ணிட்டேன். அதான் அனுப்பி வச்சாங்க."

"அத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுதானே. நாங்க என்னென்னமோ நெனச்சிட்டம்" என்று அவள் உள்ளபடியே ஆறுதலாகச் சொன்னாள். "இந்தா குடி."

போன் அடித்தபோது கௌசிகா கோப்பையைக் கீழே வைக்கவும் மறந்துவிட்டாள். தனியாக ஓட்டும் அனுமதி இரத்து. மூன்று மாதம் விமானத்தில் கை வைக்காமல் தரைப் பாடம் மட்டும். அதற்குப் பிறகு இப்போது கூடப் படிக்கிறவர்களோடு அல்ல, அடுத்த வருடம் வருகிற பிள்ளைகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். திங்கட்கிழமை வரலாம். இன்ஸாபுக்கு ஒரு கண்டிப்புக் கடிதம். வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர் நாளையிலிருந்து திரும்ப வருகிறார்.

கல்லிலிருந்து இறங்கி அவள் தகப்பனிடம் தமிழில் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"ஒரு வருசம் பின்னுக்குப் போயிட்டேன்ப்பா."

"ஒரு வருசந்தானே" என்றார் வடிவேல். அவர் கண்ணும் நிறைந்திருந்தது. "ஒங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ஏறு, கொழுந்து வாடுது."

இறங்கும்போது மூடுபனி இன்னும் கட்டியாக இருந்தது. பின்னால் உரம் இறக்கிவிட்டு வந்த ஒரு டிராக்டர் சேர்ந்துகொண்டது. கல்லுடைச்ச முடக்குக்கு முன்னால் வடிவேல் லொறியை நிறுத்தி மூன்று ஹோர்ன் அடித்தார். பதில் இல்லை. அவர் அப்படியே நின்றார். பின்னால் டிராக்டர்க்காரன் ஹோர்ன் அடித்தான். பிறகு இறங்கி ஓடி வந்தான்.

"என்னாண்ணே, வண்டி நின்டு போச்சா?"

"இல்ல. பதில் வரல."

"வரலைன்னாப் போறதுதானே!"

"வரலைன்னாத்தான் நிக்கிறேன்" என்றார் வடிவேல்.

டிராக்டர்க்காரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வடிவேல் அதைக் கவனிக்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"நீ இங்கிட்டு வந்து ஒக்காரு. நான் போயிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் இறங்கி நடந்தார். நாலு எட்டில் பனி அவரை மூடிவிட்டது. கௌசிகா ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தாள். முதுகுக்குப் பின்னால் ஈரக் கொழுந்தின் பாரம் லொறியைக் கீழே தள்ளப் பார்த்தது. அவள் கேட்காமலே வாய்க்குள் எண்ணிக்கை தொடங்கிவிட்டது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பத்தும் முடிந்து போனது. பின்னால் டிராக்டர் மறுபடி கத்தியது. அவள் காலை எடுக்கவில்லை. தலையை வெளியே நீட்டி, ஒன்றும் தெரியாத அந்த முடக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெகு நேரம் கழித்துப் பனிக்குள்ளிருந்து தகப்பனின் குரல் வந்தது.

"வா!"

"வர்றேன்ப்பா!" என்று அவள் உரக்கத் திருப்பிச் சொன்னாள். பிறகுதான் பிரேக்கை விட்டாள்.